மூடியில் நீர்த்துளி

தொரிஹாமா துறை,
நவம்பர் 26, 1995

அன்புத் தங்கை மிசாயேக்கு அண்ணன் டொகுஜி எழுதுவது.

மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. நகோயாவில் குளிர் எப்படி? உன் இருமல் நின்றதா? இங்கே எனக்கும் உன் அண்ணி ஹருயேவுக்கும் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. அதற்கு மேல் சௌக்கியம் கேட்காதே.

உன் புருஷன் ரியோஹெய்யைத் தேடுவதைக் கடலோரக் காவல் படகுகள் நிறுத்திவிட்டன. முனைக்கு வெளியே ஆளில்லாமல் வட்டமடித்துக்கொண்டிருந்த அவன் படகை இழுத்து வந்து என் படகுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். தான் விழுந்து தொலைந்து, எஞ்சினை ஓடவிட்டுப் போன முதல் படகோட்டி எங்கள் துறையில் அவன்தான். டீசல் என்ன அவன் அப்பன் வீட்டு ஊற்றிலா வருகிறது? உயிரோடு இருந்தபோதும் அவன் லட்சணம் இதுதான். வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "மச்சான், இனிமே மீன் பிடிக்கிறவனுக்கு மதிப்பில்ல, மீனக் காட்டுறவனுக்குத்தான் மதிப்பு"ன்னு டால்பினுக்குத் தரகனாகப் போனானே, அன்றைக்கே நான் அவனைக் கை கழுவிவிட்டேன்.

நீ ஒரு வாரம்கூட இருக்காமல் ரயில் ஏறியதை ஊர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறது. "கடலப் பாக்க முடியல அவளால" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயம். செந்தாய் நகரத்துப் பறவைச் சங்கக்காரர்கள் டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் படகைப் பேசி வைத்திருக்கிறார்கள். டால்பினும் கடற்பறவையும் பார்க்க வேண்டுமாம். இந்தக் குளிரில், காசு கொடுத்து வாந்தியெடுக்க வருகிற ஜாதி. வர வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டுப் படகை விற்றுவிடட்டுமா? உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் மாமியார் கிகு அம்மாள் மூன்று வேளையும் மகனுக்குச் சோறு வைக்கிறாள். ஊருக்குப் போன ஆளுக்கு வீட்டில் சோறு வைத்து, கிண்ணத்து மூடியைத் திறந்து பார்ப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. மூடியின் உள்ளே நீர்த்துளி நின்றால் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். "துளி இருக்குடா டொகுஜி! எம்புள்ள எங்கயோ இருக்கான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள். கொதிக்கிற சோற்றை மூடி வைத்தால் துளி வராமல் தீயா வரும்? ஆனாலும் உனக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் டொகுஜி

*

நகோயா,
டிசம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் மிசாயேயின் வணக்கம். இருமல் குறைந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்கச் சோற்றுச் சூட்டில் நிற்பதால் குளிர் தெரிவதில்லை. அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அண்ணா, படகை விற்காதீர்கள். அந்தப் பறவைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பதினைந்து பேர், பதினைந்து பைனாகுலர், காலை முதல் மதியம் வரை தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காவல் படகு தேடாவிட்டால் என்ன, இவர்கள் தேடட்டும். எதைத் தேடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் அன்று ஆரஞ்சு நிறச் சட்டை போட்டிருந்தார். முனைக்குத் தெற்கே நீரோட்டம் திரும்புகிற இடம், கடற்பாசி வளர்க்கும் கயிறுகள் கட்டியிருக்கிற இடம், எல்லாப் பக்கமும் போங்கள். எனக்கு அவர் கிடைக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இந்த முகவரியை யாருக்கும் தராதீர்கள். மாமியாருக்கும் வேண்டாம். இங்கே தொலைபேசி இல்லை. கடிதமே போதும்.

தங்கை,
மிசாயே

*

தொரிஹாமா,
டிசம்பர் 12

மிசாயேக்கு,

உன் கடிதம் வந்த அன்று வாடைக்காற்று ஆரம்பித்தது. ஹருயேவின் முழங்கால் அவளைவிட அதிகமாகப் புலம்புகிறது. மற்றபடி நலம்.

நீ சொன்னாய் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனேன். ஐயையோ, அதை ஏன் கேட்கிறாய்! ஆளுக்கொரு கேமராப் பீரங்கி கழுத்தில் தொங்குகிறது. தலையில் கம்பளிக் குல்லா, அதற்கு மேல் ஒரு குல்லா. இவர்களுக்குத் தலைவர் இவாபுச்சி என்று ஓய்வு பெற்ற பல் டாக்டர். படகில் கால் வைத்ததும் என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "கேப்டன், இன்னிக்கு டால்பின் வருங்களா?" "அதுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன் சார். குளிச்சிட்டு வரேன்னுச்சு" என்றேன். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார் போலிருந்தது.

துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் முகம் பச்சை. முரகி என்றொரு அம்மாள், எழுபது வயது இருக்கும், ஒரு கையில் பைனாகுலர், மறு கையில் வாந்திப் பை. ஒரு கறுப்புக் குஞ்சுப் பறவை தண்ணீரில் முங்கி எழுந்ததும் பதினைந்து பேரும் ஒரே பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. "எல்லாரும் ஒரே பக்கம் ஓடுனா நாளைக்கு அந்தப் பறவைதான்யா உங்களைப் பாக்க வரணும்!" என்று கத்தினேன்.

டால்பின் வந்தது. கூட்டமாக, எஞ்சின் சத்தம் கேட்டு முன்னால் வந்து குதித்தது. நம் வலையைக் கிழித்துத் தின்று கொழுத்த திருட்டுக் கூட்டம், அதற்கு இவர்கள் கைதட்டுகிறார்கள். முரகி அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு, "நம்மளப் பாத்துச் சிரிக்குது பாருங்களேன்!" என்றாள். சிரிக்காமல் என்ன செய்யும்? விடியக்காலைக் குளிரில் காசு கொடுத்து நடுங்குகிற மனுஷக் கூட்டத்தைப் பார்த்தால் கல்கூடச் சிரிக்கும்.

நீ சொன்ன இடமெல்லாம் சுற்றினேன். ஒன்றும் இல்லை. அந்த வெட்டிப்பயலுக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா என்று நானும் ஹருயேவும் பேசிக்கொண்டோம். செத்தும் கொடுத்து வைத்தவன்.

கிகு அம்மாள் மூடியில் இன்றைக்கும் துளி.

அண்ணன்

*

நகோயா,
டிசம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

வருஷக் கடைசி வேலையால் பதில் தாமதம். உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்க வேண்டுகிறேன். இந்த முறை புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பவில்லை. துக்க அட்டையும் அனுப்பவில்லை. எதை அனுப்புவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதுமா அண்ணா? வார நாளில் வேறு கூட்டம் வந்தால் அவர்களையும் ஏற்றுங்கள். கரையோரப் பாறை இடுக்குகளையும் பாருங்கள். எங்கள் வீட்டுப் பின்னாலுள்ள வலைக் கொட்டகை பூட்டித்தான் இருக்கிறதா? ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். காரணம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. மூடியைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

மிசாயே

*

தொரிஹாமா,
ஜனவரி 8, 1996

தங்கைக்கு,

புது வருஷம் பிறந்துவிட்டது. வாழ்த்துச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாத வீட்டுக்கு என்னத்தைச் சொல்ல? அரிசி உருண்டை இடித்தோம். உன் பங்கை ஹருயே அனுப்பியிருக்கிறாள். பல்லில் ஒட்டும், மெதுவாகச் சாப்பிடு.

வலைக் கொட்டகையைப் பார்த்தேன். பழைய வலை, எலி, உன் சைக்கிள். அங்கே எதற்குத் தேடச் சொன்னாய்? கடலில் விழுந்தவன் கொட்டகையிலா முளைப்பான்? துக்கம் உன் புத்தியைக் கலக்கிவிட்டது. சரி, மூடியைப் பற்றி எழுதவில்லை. நம்பிக்கையும் ஒரு வலிதான், புரிகிறது.

போன ஞாயிறு கூட்டத்துக்கு ஏகக் கொண்டாட்டம். பெரிய வெள்ளைப் பறவை ஒன்று, சிறகை விரித்தால் என் படகின் அகலம் இருக்கும், அலைமேல் உட்கார்ந்திருந்தது. உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். டாக்டர் அழுதே விட்டார். நம் பாஷையில் அதற்கு முட்டாள் பறவை என்றுதானே பேர்? ஆள் கிட்டே போனாலும் பறக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்குமாம். இனம் இனத்தோடு சேரும் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தன. நான் சோற்று உருண்டை தின்றேன்.

ஒரு வெட்டிப் பேச்சு. மீன் ஏல வியாபாரி கோன்னோ இருக்கிறானே, அவன் சாராயக் கடையில் சொன்னது: "செந்தாய் ஸ்டேஷன்ல ரியோஹெய் மாதிரியே ஒருத்தனப் பாத்தேன்யா. கூப்ட்டேன், திரும்பிப் பாக்காமப் போய்ட்டான்." கிகு அம்மாள் காதுக்குப் போய், தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டாள். கோன்னோ மூன்று கோப்பைக்கு மேல் போனால் செத்துப்போன சக்கரவர்த்தியையே ஸ்டேஷனில் பார்த்திருப்பான். ஆனாலும் உன் காதுக்கும் போகட்டும் என்று எழுதினேன். சந்தோஷப்பட்டுக்கொள், ரொம்பப் படாதே.

அண்ணன் டொகுஜி

*

ஒகாயாமா,
பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதம் எழுதாததற்கு மன்னிக்கவும். நான் நகோயாவை விட்டு வந்துவிட்டேன். இங்கே ஒரு துணி வெளுக்கும் கடையில் வேலை. மேலே புதிய முகவரி எழுதவில்லை, உறையின் உள்பக்கம் இருக்கிறது. படித்ததும் கிழித்துவிடுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.

கோன்னோ பார்த்த ஆளைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். எந்த நடைமேடை? எந்த ரயில்? தெற்கே போகிறதா, வடக்கேயா? என்ன சட்டை? கையில் பை இருந்ததா? வலது கால் கொஞ்சம் இழுத்து நடந்தாரா? கோன்னோ குடிக்காத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. அரிசி உருண்டை கிடைத்தது.

மிசாயே

*

தொரிஹாமா,
பிப்ரவரி 19

மிசாயேக்கு,

படகுத் தட்டில் ஐஸ் ஒரு விரல் கனம். வெந்நீர் ஊற்றி உடைத்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஹருயே உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள். நான் நலம், வாய் உட்பட.

கோன்னோவைக் காலையில், குடிக்காத நேரத்தில் பிடித்தேன். அப்படி ஒரு நேரம் அவனுக்கு இருப்பதே அதிசயம். "சட்டையா? ஞாபகமில்லண்ணே. சொல்லப்போனா ஆளே கொஞ்சம் குட்டையாத் தெரிஞ்சான்" என்றான். "அப்ப எதுக்குடா ரியோஹெய்னு சொன்ன?" "கடைல எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்க, ஏதாவது பேசணுமில்ல?" மேலே எதுவும் கேட்காமல் வந்துவிட்டேன். கேட்டிருந்தால் கை பேசியிருக்கும்.

ஆகவே அது இல்லை. உன் கேள்விகளைப் படித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஸ்டேஷன் நடைமேடை வரைக்கும் ஓடுகிறாய் மனசுக்குள். யாருக்காக? ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியாது. தண்ணீரில் கால் நனைந்தால் சளி பிடிக்கும். ஊரில் ஒருத்தன் இருமினால்கூட அவன் படகு கிளம்பாது. ஒரு நல்ல குணம் சொல்ல வேண்டுமென்றால் குடிக்க மாட்டான், உன்னிடம் குரல் உயர்த்த மாட்டான். நம் தெருவில் அவனைப்போல மெதுவாகப் பேசும் புருஷன் யாரிருந்தான்? ஹருயேகூட என்னைத் திட்டும்போது, "ரியோஹெய்யப் பாத்துக் கத்துக்கோங்க"ன்னு சொல்வாள். அதற்காக இப்படியா உருகுவது?

நேற்று கடலுக்குப் போனதில் டாக்டருக்கும் எனக்கும் சண்டை. அவர் ஒரு பறவைக்குப் பேர் சொன்னார். நான் வேறு பேர் சொன்னேன். "கேப்டன், அந்தப் பேர் புஸ்தகத்துல இல்லீங்களே" என்றார். "அந்தப் பறவை உங்க புஸ்தகத்தப் படிக்கல சார்" என்றேன். முரகி அம்மாள் சிரித்து, சிரித்ததில் மறுபடியும் வாந்தி.

இந்தக் கோமாளிக் கூட்டத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். குளிரில் யாராவது வழுக்கி விழுந்தால் கடலுக்கு இன்னொரு ஆள் போவான். உனக்காக இரண்டரை மாதம் ஓட்டியாயிற்று, போதும்.

அண்ணன்

*

ஒகாயாமா,
பிப்ரவரி 23

அண்ணா,

நலம் கேட்டு எழுத நேரமில்லை. மன்னியுங்கள்.

மார்ச் முடியும் வரை நிறுத்தாதீர்கள். சின்ன வயதிலிருந்து உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். கடல் சூடாகும்போது கீழே கிடப்பது மேலே வரும் என்று அப்பா சொல்வாரே. அதுவரை. உங்கள் கோமாளிகளிடம் நான் கை கூப்புகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மிசாயே

*

தொரிஹாமா,
மார்ச் 19

அன்புத் தங்கை மிசாயேக்கு,

பிளம் மரத்தில் பூ வந்திருக்கிறது. நாங்கள் நலம். உட்கார்ந்துகொண்டு படி.

ரியோஹெய் கிடைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. டால்பின் கூட்டம் தெற்கே இருந்தது. நான் அந்தப் பக்கம் திருப்பினேன். இவாபுச்சி டாக்டர் என் தோளைத் தட்டினார். "கேப்டன், அந்தப் பாசிக் கயிறு மிதவைகிட்ட ஏதோ இருக்கு. காக்கா உக்காந்திருக்கு." நான் பார்த்தேன். "மிதவை சார் அது, மிதவையப் பாத்ததே இல்லையா?" என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். அவர் விடவில்லை. "மிதவைக்குக் கை இருக்காது கேப்டன்" என்றார்.

நாற்பது வருஷம் கடலில் கிடந்தவன் கண்ணுக்குத் தெரியவில்லை, பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தவன் கண்ணுக்குத் தெரிந்தது. இதை நீயாக யாரிடமும் சொல்லவும் வேண்டாம், கேட்டால் மறைக்கவும் வேண்டாம்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். கடல் தருகிற பிணம் மீன் கொடுக்கிற எபிசு சாமி, விட்டுவிட்டு வந்தால் வலை காயும். இடப்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். ஒருவன் கேட்க வேண்டும், இன்னொருவன் பிணத்துக்காகப் பதில் சொல்ல வேண்டும். படகில் கடல்காரன் நான் ஒருத்தன். மற்றதெல்லாம் குல்லா. வேறு வழியில்லாமல் டாக்டரை இழுத்து நிறுத்தி, "நான் கேக்குறதுக்குத் தர்றேன்னு சொல்லுங்க சார், வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றேன். அவர் முகம் சுண்ணாம்பு. பிறகு கடலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்: "ரியோஹெய், உன்ன ஏத்திக்கிறோம். மீன் தருவியா?" டாக்டர் பல் கிட்டிக்க, "தர்றேன், தர்றேன்" என்றார். முரகி அம்மாள் வாந்திப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, யாரும் கேட்காமலே கயிற்றைப் பிடித்தாள். ஒரு பீரங்கிகூடப் படம் எடுக்கவில்லை. அந்த மட்டும் மரியாதை தெரிந்த கூட்டம்.

என் மேல்சட்டையைக் கழற்றி அவனைப் போர்த்தினேன். அவன்மேல் எனக்கு இருந்ததெல்லாம் அப்போது ஒரு நிமிஷம் இல்லாமல் போயிற்று. ஆரஞ்சுச் சட்டை, நீ தைத்த பித்தான். போலீஸ் டாக்டர் பல்லை ஒத்துப் பார்த்து அவன்தான் என்று சொல்லிவிட்டார். சந்தேகமில்லை.

அன்று காலைகூடக் கிகு அம்மாள் மூடியைத் திறந்து சிரித்திருக்கிறாள். செய்தியைச் சொன்னதும் கிண்ணத்தை எடுத்துத் தரையில் போட்டுவிட்டாள்.

மிசாயே, முகத்தைப் பார்க்க வராதே. தண்ணீர் நான்கு மாதம் வைத்திருந்த முகம். நல்லபடியாக இருந்த முகத்தையே ஞாபகம் வைத்துக்கொள். எரித்து முடித்ததும் சொல்லியனுப்புகிறேன். எலும்பு பொறுக்க மட்டும் வா. நீயும் நானும் சேர்ந்து எலும்பெடுக்கும் குச்சி பிடிப்போம்.

வாயாடி அண்ணனை மன்னித்துக்கொள்.
டொகுஜி

*

ஒகாயாமா,
மார்ச் 23

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன். பல்லைப் பற்றிய வரியை அதற்கும் மேல். நீங்கள் நலமாக இருக்கிறீர்கள், நான் இன்றைக்குத்தான் நலம். அன்று கயிறு பிடித்த முரகி அம்மாளுக்கும் டாக்டருக்கும் என் பேரைச் சொல்லித் தலை குனியுங்கள்.

நான் வருகிறேன். நான் வரும் வரை எரிக்காதீர்கள். முகத்தைப் பார்க்க இல்லை. தகனக் கூடத்தில் இரும்புக் கதவு அவன் பின்னால் மூடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். எலும்பு பொறுக்க மாட்டேன். குச்சியை என் கையில் தராதீர்கள்.

அவன் குரல் உயர்த்த மாட்டான் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். "மிசாயே, கதவச் சாத்திட்டு வா" என்பான். அவ்வளவு மெதுவாக. ஈரத் துண்டை முறுக்கி வைத்திருப்பான். ஈரத் துண்டு தழும்பு விடாது. அதன் பிறகு, "சோறு போடு" என்பதும் அதே குரலில்தான். தெருவுக்கு எப்படிக் கேட்கும்?

கல்யாணமான இரண்டாம் வருஷம், நீங்கள் வடகடலில் சால்மன் பிடிக்கப் போயிருந்தபோது, அவன் ஒரு நாள் காணாமல் போனான். படகு துறையில் நின்றது, ஆள் இல்லை. மாமியார் சோறு வைத்தாள். நானும் பயந்து பயந்து தேடினேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல, நான் சிரித்துவிட்டேன். என்ன சொன்னாள் என்றுகூட மறந்துவிட்டது. சாயங்காலம் அவன் பின்கதவு வழியாக வந்தான். மூன்று நாளும் வலைக் கொட்டகையில் உட்கார்ந்து பலகை இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "நான் இல்லன்னா நல்லாச் சிரிக்கிறியே" என்றான். அந்த வருஷம் படியில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது என்று உங்களுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் படி ஏது அண்ணா?

நவம்பரில் படகு ஆளில்லாமல் வந்தபோது துறையில் எல்லாரும் கடலைப் பார்த்தீர்கள். நான் கொட்டகையைப் பார்த்தேன்.

அதனால்தான் ஓடினேன். நீங்கள் மூடியில் துளி என்று எழுதும்போதெல்லாம் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். ஸ்டேஷனில் பார்த்தார்கள் என்று எழுதினீர்கள், அன்றே பெட்டியைக் கட்டினேன். அவன் செத்தான் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். கடல் அவனை வெளியே தள்ளி, வேற்று மனுஷர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் உங்கள் கோமாளிகளின் கண்கள் எனக்கு வேண்டியிருந்தன.

மீன் தருவாயா என்று கேட்டீர்களாம். அடித்த கையால் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் இல்லை அவன். டாக்டர் பாவம், அவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வந்து இறங்குவேன். கறுப்பு உடை வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள். இருக்கிற உடையில் வருகிறேன்.

மிசாயே

*

தொரிஹாமா,
மார்ச் 26

மிசாயே,

தகனக் கூடத்தில் சொல்லிவிட்டேன். நீ வரும் வரை எரிக்க மாட்டார்கள். கிகு அம்மாள் வாய் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை ஹருயேவுக்குப் படித்துக் காட்டினேன். கொட்டகை வரும் இடத்தில் அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "அவனப் பாத்துக் கத்துக்கோன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன் உங்ககிட்ட" என்றாள்.

இருபது வருஷமாக அவனைச் சோம்பேறி, வெட்டிப்பயல், முடிச்சுப் போடத் தெரியாதவன் என்று வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவன் இல்லை. கடைசியில் பார்த்தால் எவ்வளவு சின்னதாகத் திட்டியிருக்கிறேன்! அவனுக்கு ஏற்ற சொல் என் வாயில் இருந்ததே இல்லை.

அவனை ஏற்றிய மறுநாளிலிருந்து என் வலை கொள்ளாமல் காட் மீன் வருகிறது. பக்கத்துப் படகுகளுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும். துறையே வாய் பிளக்கிறது. "எபிசு குடுக்குறாரு, எடுத்துக்கோ டொகுஜி!" என்கிறார்கள். உன் கடிதம் வந்த அன்று காலையில் பிடித்தது படகிலேயே இருந்தது. திரும்பவும் முனைக்கு வெளியே போய் அத்தனையையும் கடலில் கொட்டினேன். அவனை ஏற்றியதற்கு மறுபக்கம், வலப்பக்கமாக. கோன்னோ பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு மூளை கலங்கிருச்சு" என்று சாராயக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும். அந்த மீனில் ஒன்றைக்கூட ஹருயே அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்றாள், நானும் விற்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவரும் நிற்கிறோம். சாப்பிடாமல் வா. வீட்டில் கோழி இருக்கிறது.

அண்ணன் டொகுஜி